கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டிய டாக்டர்: யார் இந்த ஷிரோட்கர்? 'வலை' ஆபரேஷன் ஏன் சர்ச்சையானது?

பாம்பன் ஊரைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற சாலையில் வருவது அக்காள்மடம். அதை அடுத்து தங்கச்சிமடம். அக்கா பேரில் ஒரு ஊர், தங்கச்சி பேரில் ஒரு ஊர். ஆனா அக்கா தங்கச்சிகிட்ட கூட வாய் திறந்து சொல்லாத ஒரு உடம்புப் பிரச்சனை இருக்கு. அந்தத் தீவில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கு.

இருமினாலும் தும்மினாலும் ரெண்டு சொட்டு சிறுநீர் கசிஞ்சிடும். தண்ணிக் குடத்தையோ மீன் கூடையையோ தூக்கும்போது கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருக்கும். சிலருக்குக் குளிக்கும்போது கையில் கட்டி மாதிரி தட்டுப்படும். புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நின்று வேலை பார்க்க முடியாத நிலை வந்த பிறகுதான் டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள்.

இதற்குப் பெயர் கர்ப்பப்பை இறக்கம். கூடவே வருவது சிறுநீர்க் கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் கேட்கிற முதல் வார்த்தை, கர்ப்பப்பையை எடுத்துடலாம் என்பது. சில பெரிய ஊர்களில் இன்னொரு வார்த்தையும் கேட்கும்: மெஷ் வைக்கலாம். அதாவது உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்பது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று காட்டிய இந்திய டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர். உலகம் முழுக்க பிரசவ வார்டுகளில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நம்ம ஊரில் பெயர் தெரியும், ஆளைத் தெரியாது. அவர் கதையைத் தெரிந்துகொண்டால், வலை ஆபரேஷன் எங்கே தடம் மாறியது என்பதும் தானாகப் புரியும்.

முதலில், ஏன் இறங்குது?

கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். பக்கவாட்டிலும் பின்னாலும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை தசைநார்கள். சேலையில் கட்டின தொட்டிலை நினைச்சுக்கோங்க. துணி நைந்தாலும் தொட்டில் தாழும், கயிறு தளர்ந்தாலும் தாழும்.

பிரசவத்தில் இந்தத் துணியும் கயிறும் இழுபடுகின்றன. அடுத்தடுத்து பிரசவம், வாய் முழுசாகத் திறப்பதற்கு முன்பே முக்கச் சொல்வது, பிள்ளை பெற்ற சில நாளிலேயே பாரம் தூக்குவது, ரத்தசோகை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் என்று காரணங்கள் சேர்ந்துகொண்டே போகும். மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் இன்னும் தளரும். சிலருக்குப் பிறவியிலேயே தசைநார் பலவீனமாக இருக்கும். பிள்ளையே பெறாத பெண்ணுக்கும் கர்ப்பப்பை இறங்கலாம் என்பதை நிறைய பேர் நம்ப மாட்டார்கள்.

சிறுநீர்க் கசிவும் இதே குடும்பம்தான். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் முட்டுக் கொடுக்கிற திசு தளர்ந்துவிட்டால், இருமும்போது வருகிற அழுத்தத்தில் குழாய் மூடிக்கொள்ளாது. அதுதான் கசிவு.

ஷிரோடாவில் இருந்து பம்பாய்க்கு

ஷிரோட்கர் பிறந்தது 1899 ஏப்ரல் 27-ல், கோவாவில் உள்ள ஷிரோடா கிராமத்தில். ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். ஷிரோடாக்காரர் என்பதால் ஷிரோட்கர்.

அப்போது கோவா போர்ச்சுகல் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில்தான் இந்தியாவோடு சேர்ந்தது. ஆகவே பையனாக இருந்தபோதே எல்லை தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்து, ஹூப்ளியில் பள்ளிப் படிப்பு. பிறகு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி. 1923-ல் எம்.பி.பி.எஸ்., 1927-ல் மகப்பேறு மற்றும் பெண்கள் நோயியலில் எம்.டி. அதன் பிறகு இங்கிலாந்து போய் 1931-ல் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் வாங்கினார்.

எஃப்.ஆர்.சி.எஸ். என்பது அறுவைச் சிகிச்சைப் பட்டம். அது பெயருக்குப் பின்னால் இருந்தால் தனியாக கிளினிக் போட்டு வசதியாக உட்கார்ந்துவிடலாம். அவர் ஊர் திரும்பி ஜே.ஜே. மருத்துவமனையில் சேர்ந்தார். அது கிராண்ட் கல்லூரியோடு சேர்ந்த பொது ஆஸ்பத்திரி. 1940-ல் அதே கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் பொது ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்கு யார் வருவார்கள்? வீட்டிலேயே பிரசவம் பார்த்து, அது சிக்கலாகி, வேறு வழியில்லாமல் வந்தவர்கள். கர்ப்பப்பை இறங்கின நிலையில் வருகிறவர்களில் பலர் சின்ன வயசுப் பெண்கள். இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தில் இருந்த கர்ப்பப்பை இறக்க நோயாளிக்கு பெரும்பாலும் வயசாகியிருக்கும். இங்கே வந்தவளுக்கு இன்னும் பிள்ளை வேண்டும். பிரச்சனை அங்கேதான் தொடங்கியது.

மான்செஸ்டர் ஆபரேஷனில் என்ன கோளாறு?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் என்ற டாக்டர் ஒரு ஆபரேஷனைக் கொண்டுவந்தார். பிறகு வில்லியம் ஃபாதர்கில் அதை மாற்றியமைத்தார். மான்செஸ்டர் பஞ்சாலை நகரம். ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டிய பெண்கள் வாழ்ந்த ஊர்.

அந்த ஆபரேஷனில் கர்ப்பப்பையை எடுக்க மாட்டார்கள். ஆனால் அதன் வாய்ப்பகுதியை வெட்டிவிட்டு, பக்கத்துத் தசைநார்களை முன்னால் இழுத்துத் தைப்பார்கள். இறக்கம் சரியாகும். பிள்ளை பெற்று முடித்தவளுக்கு அது போதும்.

பிள்ளை வேண்டும் என்பவளுக்கு? கர்ப்பப்பை வாய் என்பது ஒரு கதவு. பத்து மாதம் மூடியிருந்து, பிரசவ நேரத்தில் திறக்க வேண்டும். அதை வெட்டிவிட்டால் சிலருக்குக் கரு தங்காது, சிலருக்குக் குறைமாதத்தில் வெளியே வந்துவிடும். இன்னும் சிலருக்குத் தழும்பு இறுகி, பிரசவ நேரத்தில் கதவு திறக்கவே திறக்காது.

அன்றைக்கு இருந்த இன்னொரு வழி கர்ப்பப்பையை மொத்தமாக எடுப்பது. 20 வயசுப் பெண்ணுக்கு அதன் அர்த்தம் என்ன என்று யோசிச்சுப் பாருங்க. பம்பாய் மாகாணத்தில் 1946-லும், நம்ம சென்னை மாகாணத்தில் 1949-லும்தான் இந்து ஆண் இரண்டாவது கல்யாணம் செய்வதைச் சட்டம் தடுத்தது. அதற்கு முன்னால் பிள்ளை இல்லை என்ற காரணம் ஒன்று போதும், வீட்டுக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். அந்தப் பெண் ஆபரேஷன் மேஜையில் படுக்கும்போது உடம்போடு சேர்த்து குடும்ப வாழ்க்கையும் அங்கே கிடக்கிறது.

ஷிரோட்கர் மான்செஸ்டர் ஆபரேஷனை எடுத்துக்கொண்டு அதிலிருந்து வெட்டுகிற பகுதியை நீக்கினார். வாயைத் தொட வேண்டாம். பின்னால் இருக்கிற தசைநார்களைப் பிரித்து, முன்பக்கம் கொண்டுவந்து குறுக்கே தைத்து இறுக்கினால் போதும் என்பது அவர் முறை. கேட்க சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் அவள் தாயாக வாய்ப்பு உண்டு என்பது அந்தச் சின்ன மாற்றத்தில்தான் இருந்தது.

சென்னைப் பத்திரிகையில் வந்த கட்டுரை

கர்ப்பப்பை வாயைப் பற்றி இவ்வளவு யோசித்த ஆள் அதன் இன்னொரு கோளாறையும் கவனித்ததில் ஆச்சரியம் இல்லை. சில பெண்களுக்கு நாலாவது, அஞ்சாவது மாதத்தில் வலியே இல்லாமல் வாய் திறந்து கரு வெளியே வந்துவிடும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். ராசி இல்லாதவள், தோஷம் உள்ளவள் என்று ஊர் பேசும். விஷயம் ரொம்ப எளிது. கதவின் தாழ்ப்பாள் பலவீனமாக இருக்கு, அவ்வளவுதான்.

ஷிரோட்கர் தாழ்ப்பாள் போட்டார். பெண்ணின் தொடையில் தசையை மூடியிருக்கும் உறையில் இருந்து ஒரு பட்டையை எடுத்து, கர்ப்பப்பை வாயைச் சுற்றி உள்ளே நுழைத்து, சுருக்குப் பை மாதிரி கட்டினார். உடம்பின் சொந்தத் திசு என்பதால் உடம்பு அதை எதிர்க்காது.

1955-ல் இதை அவர் கட்டுரையாக எழுதினார். அது வெளியானது லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை. சென்னையில் இருந்து வந்துகொண்டிருந்த ஆன்டிசெப்டிக் என்ற மருத்துவ மாத இதழில். 1904-ல் டாக்டர் டி.எம். நாயரும் டாக்டர் யு. ராமராவும் தொடங்கிய இதழ் அது. ஆமாம், நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான அதே டி.எம். நாயர்தான். உலகம் முழுக்கப் பரவிய ஒரு தையலின் முதல் அச்சுப் பதிவு மெட்ராஸ் முகவரியில் இருந்து போனது என்பதில் நாம கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம்.

1957-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயன் மெக்டொனால்ட் இதையே சுலபமாக்கி, வெளியில் இருந்தே சுருக்குத் தையல் போடும் முறையை வெளியிட்டார். இன்றைக்கு அது அதிகமாகப் பயன்படுகிறது. வாய் ரொம்பக் குட்டையாக இருப்பவர்களுக்கும், மெக்டொனால்ட் தையல் நிற்காமல் போனவர்களுக்கும் ஷிரோட்கர் தையல் தேவைப்படும்.

அதே 1955-ல் அக்காள்மடத்தில் ஒரு பெண்ணுக்கு இந்தத் தொல்லை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீவில் இருந்து மண்டபம் பக்கம் வர பாம்பன் ரயில் பாலமும் படகும்தான் வழி. சாலைப் பாலம் திறந்தது 1988-ல். கட்டுரை அச்சான ஊருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் கடல் இருந்தது. வெறும் உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கடல்.

தூக்கிக் கட்டுவது எப்படி?

பிள்ளை பெறாத, சின்ன வயசுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை முழுசாக இறங்கிவிட்டால் கீழே இருந்து தைப்பது மட்டும் போதாது. மேலே இருந்து கட்ட வேண்டும். ஷிரோட்கர் பெயரில் பாடப்புத்தகங்களில் இருக்கிற ஸ்லிங் ஆபரேஷன் இதுதான். தமிழில் தூளி என்று சொல்லலாம்.

வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பை வாயும் உடலும் சேர்கிற இடத்தின் பின்பக்கத்தில் ஒரு நாடாவைத் தைப்பார்கள். நாடாவின் மறுமுனையை முதுகெலும்பின் அடியில் இருக்கிற திரிக எலும்பின் மேல் விளிம்பில் பொருத்துவார்கள். எலும்பில் கட்டின கயிறு தளராது. கர்ப்பப்பை தன் இடத்துக்குத் திரும்பும். சாயும் கோணம்கூட இயல்பாக இருக்கும்.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அந்த எலும்பின் முன்னால் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. பக்கத்தில் சிறுநீரகக் குழாய், இடது பக்கம் பெருங்குடல். கை தவறினால் ஆபத்து. அதனால் இன்னும் சுலபமான முறைகளைத் தேடி மற்ற டாக்டர்களும் இறங்கினார்கள். புரந்தரே முறையில் கர்ப்பப்பையை முன்பக்க வயிற்றுச் சுவரின் உறையோடு சேர்த்துக் கட்டுவார்கள். கன்னா முறையில் நாடாவின் முனைகளை இரண்டு இடுப்பெலும்பின் முன் நுனியில் கட்டுவார்கள். இன்றும் இந்திய மருத்துவ மாணவர்கள் இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள்.

நாடா எதில் செய்தது என்பது முக்கியம். கர்ப்பப்பை வாய்க்குத் தொடையின் உறையில் தொடங்கிய வேலை, பிறகு மெர்சிலீன் நாடாவுக்கு வந்தது. மெர்சிலீன் என்றால் பாலியஸ்டர். 5 மில்லிமீட்டர் அகலம். நம்ம ஷூ லேஸ் அளவுதான். தொடையைக் கீற வேண்டாம், ஆபரேஷன் நேரம் குறையும், நாடா எளிதில் அறுந்து போகாது.

அக்காள்மடத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்த கதை அவர்களுக்குத் தெரியும். மட்காது, காய வைக்க வேண்டாம், பல வருஷம் உழைக்கும். ஆனால் அதே நைலான் வலை பாரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கடைசிக் காலம்

1960-ல் ஷிரோட்கர் தன் ஆபரேஷன் முறைகளையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். எடின்பரோவில் அச்சான ஆங்கிலப் புத்தகம். கர்ப்பப்பை இறக்கம், கருத்தங்காமை, அடைத்த கருக்குழாயைத் திறப்பது என்று பல விஷயங்கள். அதே ஆண்டு மத்திய அரசு பத்ம பூஷண் கொடுத்தது. 1971-ல் பத்ம விபூஷண். அந்த ஆண்டு மார்ச் 7-ம் தேதி 71 வயதில் காலமானார்.

அவர் போட்ட தையல் அவர் பெயரைக் காப்பாற்றியது. கர்ப்பப்பை இறக்கத்துக்கு அவர் செய்த வேலை அந்த அளவுக்கு இந்தியாவுக்கு வெளியே பேசப்படவில்லை. வயசான பெண்களுக்கே அதிகம் ஆபரேஷன் செய்கிற நாடுகளுக்கு, கர்ப்பப்பையைக் காப்பாற்றுவது அவ்வளவு அவசரமாகத் தெரியவில்லை போல.

அப்புறம் வலை எப்படி வந்தது?

ஷிரோட்கர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, சிறுநீர்க் கசிவுக்கு ஒரு புது வழி வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் பெட்ரோஸ் ஆகியோரின் ஆராய்ச்சியில் பிறந்தது. 1996-ல் வெளியானது. சுமார் 1 சென்டிமீட்டர் அகல வலை நாடாவை சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தூளி மாதிரி வைப்பது. சின்னக் கீறல், அரை மணி நேர வேலை. பலருக்கு நல்ல பலன் கிடைத்தது.

நாடா பாலிபுரொப்பிலீனில் செய்தது. படகில் கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு இருக்கே, அதே வகைப் பிளாஸ்டிக், மருத்துவத் தரத்தில். வயிற்றுக் குடலிறக்கத்துக்கு அதே வலையை 1950-களின் கடைசியில் இருந்தே வைத்து வந்தார்கள்.

இரண்டு வெற்றிகளைப் பார்த்த நிறுவனங்கள் ஒரு கணக்குப் போட்டன. குடலிறக்கத்துக்கு வலை நிற்கிறது, கசிவுக்கு நாடா நிற்கிறது, அப்போ கர்ப்பப்பை இறக்கத்துக்கும் பெரிய வலையாக வைத்தால் என்ன? 2000-களில் பிறப்புறுப்பு வழியாகவே வைக்கிற மாதிரி, ஊசியும் வலையும் சேர்ந்த ரெடிமேட் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. 2010-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 75 ஆயிரம் பெண்களுக்கு இறக்கத்துக்காக இந்த வழியில் வலை வைத்தார்கள்.

வயிற்றுச் சுவர் வேறு, பிறப்புறுப்புச் சுவர் வேறு. பிறப்புறுப்புச் சுவர் மெல்லியது, நீளணும், சுருங்கணும். அங்கே எப்போதும் கிருமிகள் உண்டு. அந்த வழியாகவே கீறி, அந்தச் சுவருக்கு அடியிலேயே அகலமான வலையை விரித்தால், சிலருக்கு வலை சுருங்கி இறுகியது. சிலருக்குச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே வந்தது. தாம்பத்தியம் முடியாத வலி, உட்கார முடியாத வலி, ரத்தக்கசிவு, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று.

எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் பாரில் மாட்டின வலை. உடம்பின் திசு வலையின் கண்ணுக்குள் நுழைந்து வளர்வதற்காகவே அது வலையாகச் செய்யப்படுகிறது. வளர்ந்த பிறகு இழுத்தால் பாரும் சேர்ந்து பெயரும். சிறுநீர்ப்பை, மலக்குடல், நரம்புகள் பக்கத்திலேயே இருக்கு. துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். முழுசாக வராது, வலியும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது.

2008 முதல் 2010 வரை மூன்று ஆண்டுகளில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வுக்கு இறக்கம், கசிவு இரண்டுக்கும் வைத்த வலைகள் தொடர்பாக 2,874 புகார்கள் வந்தன. 2011-ல் எச்சரிக்கை. 2016-ல் அதிக ஆபத்துள்ள பொருள் பட்டியலில் சேர்ப்பு. 2019 ஏப்ரலில், கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற வலையை விற்கவே கூடாது என்று உத்தரவு. ஆஸ்திரேலியா 2017 நவம்பரிலேயே அதைச் சந்தையில் இருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு அந்த நாட்டின் சுகாதார அமைச்சர் பாதிக்கப்பட்ட பெண்களிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2019 நவம்பரில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஜான்சன் அண்ட் ஜான்சனும் அதன் எத்திகான் நிறுவனமும் அலட்சியமாக இருந்ததாகத் தீர்ப்பளித்தது. மெர்சிலீன் நாடாவும் அதே எத்திகானின் பெயரில்தான் விற்பனையாகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பிரிட்டனில் 2018 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். அங்கே சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் நாடாவையும் சேர்த்தே நிறுத்தினார்கள். கம்பர்லெஜ் என்ற பிரபுக்கள் சபை உறுப்பினர் தலைமையில் ஒரு குழு விசாரித்து 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதில் அடிக்கோடிட வேண்டிய விஷயம் வலையைப் பற்றியது மட்டும் இல்லை. வலிக்குது என்று வந்த பெண்களிடம், அது மனசு சம்பந்தப்பட்டது, வயசு சம்பந்தப்பட்டது என்று சொல்லியே வருஷக்கணக்கில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அக்காள்மடத்து அக்கா வாயைத் திறக்காமல் இருந்தாள். லண்டனில் வாயைத் திறந்தும் யாரும் கேட்கவில்லை.

அப்போ ஷிரோட்கர் நாடாவும் தப்பா?

இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் முறையில் நாடா வயிறு வழியாகப் போகிறது, பிறப்புறுப்புச் சுவரைக் கீறுவது இல்லை. 5 மில்லிமீட்டர் நாடா எங்கே, உள்ளங்கை அளவு வலை எங்கே. வயிறு வழியாகவோ லேப்ராஸ்கோப் வழியாகவோ வலை வைத்து எலும்போடு கட்டுகிற ஆபரேஷனை எஃப்.டி.ஏ. தடை செய்யவில்லை. சிறுநீர்க் கசிவுக்கான நாடாவும் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது. இவற்றிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வெளியில் இருந்து வைக்கிற எந்தப் பொருளும் அரிக்கலாம், தொற்று வரலாம். ஆனால் அளவும் வழியும் வேறு.

என் பார்வையில் பெரிய வித்தியாசம் இன்னொன்று. ஷிரோட்கர் யாருக்கு என்று பார்த்து ஆரம்பித்தார். இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி முதலில், நாடா கடைசியில். ரெடிமேட் பெட்டி வந்தபோது வலை முதலில் வந்துவிட்டது, ஆளைப் பிறகு தேடினார்கள்.

இப்போ ஒருத்தருக்கு இறங்கியிருந்தால்?

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டாம். ஆரம்ப நிலையில் இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விடுகிற பயிற்சியே போதும். சிறுநீரை அடக்குவது போல உள்ளுக்குள் இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் வெளியிட்டதால் கெகல் பயிற்சி என்று பெயர். காசு இல்லை, யாருக்கும் தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மூன்று மாதமாவது விடாமல் செய்யணும். இருமலையும் மலச்சிக்கலையும் சரி பண்ணாமல் எந்தப் பயிற்சியும் நிற்காது.

அடுத்தது பெசரி. சிலிக்கான் வளையம். டாக்டர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார், இறங்கினதைத் தாங்கிக்கொள்ளும். எடுத்துக் கழுவி மறுபடி போட்டுக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சை தாங்காத வயசானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கும் இது ரொம்ப உதவும். ஏனோ நம்ம ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ஆபரேஷன்தான் என்றால், சொந்தத் திசுவை வைத்தே தைக்கிற முறைகள் உண்டு. சிறுநீர்க் கசிவுக்கும் வயிற்றுத் தசையின் உறையில் இருந்து பட்டை எடுத்துத் தூளி கட்டலாம். அது 1942-லேயே வந்த முறை. கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்குச் சரியான சிகிச்சைதான். ஆனால் ஒன்று தெரிஞ்சிருக்கணும். கர்ப்பப்பையை எடுத்தாலும், தளர்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டாமல் விட்டால், பிறப்புறுப்பின் மேல்பகுதி மறுபடி இறங்கலாம்.

ராமநாதபுரத்தில் 2022-ல் இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அக்காள்மடத்தில் இருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கேயோ வேறெங்கேயோ மகப்பேறு டாக்டர் முன்னால் உட்காரும்போது கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே சரி பண்ண முடியுமா? உள்ளே ஏதாவது பொருள் வைக்கப் போறீங்களா, வைத்தால் எந்த வழியாக? பின்னாடி தொந்தரவு வந்தால் எடுக்க முடியுமா? வைத்த பொருளின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்க. பத்து வருஷம் கழித்து இன்னொரு டாக்டர் பார்க்கும்போது அந்தத் துண்டுக் காகிதம்தான் கை கொடுக்கும்.

ஏற்கனவே வலையோ நாடாவோ வைத்து, வலி, ரத்தக்கசிவு, துணைவருக்குக் குத்துவது போன்ற உணர்வு இருந்தால் சும்மா இருக்காதீங்க. உடம்பில் வைத்த மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015-ல் இருந்து மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் ஒன்று, காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே புகார் செய்யலாம், டாக்டர் சீட்டு வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.